ஏழுக்கும் ஒன்பதுக்கும் இடையில்

ஏழாம் பகுதியின் கடைசித் தாளும் ஒன்பதாம் பகுதியின் முதல் தாளும் கசங்கியிருந்தன. மற்ற பக்கங்கள் எல்லாம் அச்சகத்திலிருந்து வந்த மொடமொடப்போடு இருந்தன. இந்த இரண்டில் மட்டும் வியர்வை பட்டு ஓரம் சுருண்டு, ஓர் இடத்தில் நகம் கீறிக் கிழிந்திருந்தது. யாரோ அந்த இடத்தைப் பிரித்து, மூடி, மறுபடியும் பிரித்து, அங்கே இல்லாத ஒன்றைத் தேடியிருக்கிறார்.

கார்குழலி அந்தப் புத்தகத்தை மேசையில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். அது அவர் எழுதிய புத்தகம்.

"இன்னாடி, பேய் அறைஞ்ச மாதிரி கீற?" என்றார் பக்கத்து மேசை ஜெரினா. ராயபுரத்துப் பெண். பக்கங்களை வடிவமைத்து அச்சுக்கு அனுப்புவது அவர் வேலை.

"பேயி இன்னா அறையறது. இத்த யாரு கொண்ணாந்தாங்க?"

"எண்ணூர் கெமிக்கல் யார்டு ஜீப்புல வந்துச்சு. அங்க கேஸ் லீக்காச்சாமே, தெரியாதா? பேப்பர்ல மூலைல போட்டிருந்தான். ஆப்பரேட்டர் ஒருத்தரு ஆஸ்பத்திரில கீறாராம். சீட்ட வுட்டு ஓடிப்போய்ட்டாருன்னு யார்டுல கேசு கட்டறாங்களாம்."

ஓடிப்போகிறவர் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டா இருப்பார்? கார்குழலி சுருண்ட அந்தத் தாளின் ஓரத்தை விரலால் நீவிப் பார்த்தார். அது நிமிரவில்லை.

கார்குழலி வியாசர்பாடிக்காரர். அப்பா குணசேகரன் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். அவர்களுடைய ஹவுசிங் போர்டு வீட்டு முன்னறையில் நீலக் கோட்டு அணிந்தவரின் படம் உண்டு. அதன் கீழே கைக்கு அடக்கமான புத்தர் சிலை உண்டு. பஞ்சாங்கம் கிடையாது. யாராவது இனாமாகத் தினசரி காலண்டர் கொடுத்தால், குணசேகரன் உட்கார்ந்து ஒவ்வொரு தாளிலும் ராகுகாலம் என்ற வரியைப் பேனாவால் அடித்துவிட்டுத்தான் ஆணியில் மாட்டுவார். வருடம் முழுவதற்குமான வேலை அது. "நேரம் எட்டு மணி சங்கு ஊதறதுக்குப் பட்டறைல நிக்கறது. வேற நேரம் இன்னா கீது?" என்பார்.

அந்த மனிதரோடு கார்குழலி பள்ளிச் சீருடையில் அலைந்த ஓர் அலைச்சல் உண்டு. சாதிச் சான்றிதழ் வாங்கப் போன இடத்தில் ஒரு மேசைக்காரர் தலை தூக்காமல் "அங்க போய்ப் பாரு" என்றார். எங்கே என்று கேட்டதற்கு "அங்கதான்" என்று கை காட்டினார். கை காட்டிய பக்கம் சுவர் இருந்தது. அடுத்த மேசையில் "இங்க ஏன் வந்தே?" என்றார்கள். ஏன் அனுப்பினார்கள் என்று தெரிந்தால்தானே சொல்ல முடியும்? ஒரு நாள் முழுக்க அந்த ஆபீசில் அப்பாவும் மகளும் சுற்றினார்கள். பட்டறையில் நூலளவு பிசகாமல் இரும்பைப் பொருத்துகிற மனிதர், ஒரு பியூனிடம் "சார், சார்" என்று கெஞ்சியதை மகள் பார்த்தார். எங்கே, எதற்கு என்று சொல்லாமல் ஒருவரை இன்னோர் இடத்துக்கு அனுப்புவது வழிகாட்டுவது ஆகாது, விரட்டுவது. இதை அவர் எந்தப் பாடப்புத்தகத்திலும் படிக்கவில்லை.

கம்ப்யூட்டர் பட்டம் முடித்து, டோல்கேட்டில் டயர்க் கடைக்கு மேல் மாடியிலிருந்த மென்பொருள் கம்பெனியில் சேர்ந்தபோது, யாருக்கும் வேண்டாத வேலையாகப் பார்த்து இவரிடம் தள்ளினார்கள். கையேடு எழுதுவது. கம்பெனி செய்து விற்றது ஒரே ஒரு மென்பொருள்தான். கப்பலில் வரும் ரசாயனத் திரவங்களைக் குழாய் வழியாகக் கிடங்குத் தொட்டிகளுக்கு ஏற்றும் பம்புகளையும் வால்வுகளையும் கம்ப்யூட்டரிலிருந்தே இயக்குவது அது. அதற்குள் சின்னச் சின்ன ஃபங்ஷன்கள். பம்பை ஓட்ட ஒன்று, நிறுத்த ஒன்று, வால்வைத் திறக்க ஒன்று, அடைக்க ஒன்று. ஆப்பரேட்டர் அதன் பெயரைத் தட்டச்சு செய்து, எந்த வால்வு, எந்த வரிசை என்ற எண்களையும் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் கையேட்டில் ஒரு பக்கம்.

மென்பொருள் எழுதிய பையன்கள் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் "மேலும் பார்க்க" என்று போட்டு ஆறேழு பெயர்களை வரிசையாக அடுக்கிக் கொடுத்திருந்தார்கள். எங்கே இருக்கிறது, எதற்காகப் பார்க்க வேண்டும், எப்போது பார்க்க வேண்டும் என்று ஒரு சொல் கிடையாது. கார்குழலிக்கு அந்த ஆபீஸ் மேசைக்காரரின் கை ஞாபகம் வந்தது. எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். பம்பை நிறுத்தும் பக்கத்தில் அவர் எழுதியது இப்படி இருந்தது: "பம்பு நின்றதும் குழாயில் மிச்சமிருக்கும் திரவம் பின்னோக்கி வரும். கசிவு இருந்தால் அது அங்கே பீறிடும். உடனே பின்னோட்டத்தை அடையுங்கள். அதற்கான ஃபங்ஷனும் கொடுக்க வேண்டிய எண்களும் எட்டாம் பகுதியில்."

"கையேடா, தொடர்கதையா?" என்று பையன்கள் கேலி செய்தார்கள்.

"தொடர்கதைல அடுத்த வாரம் இன்னான்னு தெரியாம வுட்டாத்தான் ருசி. இதுல வுட்டா ஆளு காலி" என்றார் கார்குழலி.

ஆங்கிலப் புத்தகம்தான், ஆனால் ஐ.டி.ஐ. படித்தவர் ஒருமுறை வாசித்தால் விளங்கும் ஆங்கிலம். நெருக்கடியில் தேவைப்படும் ஃபங்ஷன்கள் எல்லாவற்றையும் ஒன்றாகத் திரட்டி எட்டாம் பகுதியில் வைத்து "அவசரகாலப் பணிகள்" என்று தலைப்பிட்டார். மற்ற ஏழு பகுதிகளிலும் ஆபத்து எட்டிப் பார்க்கும் இடங்களிலெல்லாம் எட்டுக்கு வழி காட்டினார். எந்த மூலையில் நின்றாலும் வாசல் தெரிகிற வீடு மாதிரி இருந்தது அது. அச்சாகி வந்த நாளில் ஜெரினா பிரியாணி வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் முதலாளி கூப்பிட்டார்.

முதலாளி தங்கப்பாண்டி பெரிய கல்லூரியில் படித்தவர். அமெரிக்காவில் சில வருடம் வேலை செய்து திரும்பியவர். கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. சம்பளம் தேதி தவறாது, குரல் உயராது. சர்வர் பெட்டியின் நெற்றியில் மட்டும் தினமும் குங்குமம் ஏறும். கம்பெனியின் பெயர்ப் பலகையில் யாரும் உச்சரிக்காத ஓர் எழுத்து கூடுதலாக நிற்கும். அது எண்கணித ஜோசியர் சேர்த்தது.

"புக்குல எட்டாவது பகுதின்னு ஒண்ணு இருக்கும்மா" என்றார்.

"ஆமா சார். எமர்ஜென்சி எல்லாம் அதுலதான்."

"அதைத்தான் சொல்றேன். எட்டு சனியோட எண். அதுல போய் கசிவு, தீ, அபாயம்னு எல்லா அமங்கலத்தையும் ஒரே எடத்துல கொட்டி வெச்சிருக்கே. ஜோசியர் பார்த்துட்டு ஆடிப்போயிட்டார்."

கார்குழலி சிரித்தார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தார். அவர் சிரிக்கவில்லை.

"எட்டை ஒன்பதாக்கிடு. தலைப்பு 'இதரவை'ன்னு போதும். அந்தப் பகுதியை மட்டும் திரும்ப அடிச்சு பைண்ட் பண்ணச் சொல்லிட்டேன்."

"சார், மத்த ஏழு பகுதியிலயும் எட்டைப் பாரு, எட்டைப் பாருன்னு அச்சாயிருக்கு. அத்தனையும் திரும்ப அடிக்கணுமே."

"அதுக்கெல்லாம் நேரம் இல்ல. ஆடி பொறக்கறதுக்குள்ள யார்டுல குடுத்தாகணும். ஆடியில நான் டெலிவரி பண்றதில்ல."

"அப்ப அவங்க எட்டைத் தேடுவாங்களே சார்!"

"எட்டுன்னு வந்தா ஒன்பதுன்னு படிச்சுக்கங்கன்னு ட்ரெயினிங்ல வாயால சொல்லிடலாம். சின்ன விஷயம். யாரு அந்தப் பகுதியையெல்லாம் தொறந்து பார்க்கப் போறாங்க?"

கார்குழலிக்குத் தாங்கவில்லை. "சார், எட்டு பிட் சேர்ந்தாத்தான் ஒரு பைட்டு. உங்க கம்ப்யூட்டர் முழுக்க எட்டுதானே சார் ஓடுது?"

தங்கப்பாண்டி ரசித்துச் சிரித்தார். "அது உள்ள இருக்கும்மா. வெளிய தெரியாது."

கார்குழலி அந்தப் பதிலையே நினைத்துக்கொண்டு மேசைக்குத் திரும்பினார். படிக்காதவர் சொன்னால் பாவம் என்று விடலாம். எட்டையும் இரண்டையும் வைத்து விளையாடித்தான் இந்த மனிதர் பட்டம் வாங்கினார், கடல் கடந்தார், கம்பெனி கட்டினார். அறிவை வயிற்றுப் பிழைப்புக்கு ஒரு பையிலும் வாழ்க்கைக்கு வேறொரு பையிலும் வைத்துக்கொள்ள இவருக்கு எந்தக் கல்லூரி கற்றுக்கொடுத்தது? நம் ஊரில் எல்லாக் கல்லூரியும்தான் கற்றுக்கொடுக்கிறது. கடைசிப் பக்கத்தில் வரவேண்டிய அகரவரிசைப் பட்டியலும் அந்த அவசரத்தில் "அடுத்த பதிப்பில் பார்த்துக்கலாம்" என்று விடுபட்டது. புத்தகம் நல்ல நேரத்தில், சந்தனம் தடவிய அட்டையோடு, எண்ணூருக்குப் போய்ச் சேர்ந்தது.

இப்போது அதே புத்தகம் திரும்பி வந்திருந்தது. சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது.

தங்கப்பாண்டியின் அறைக்குக் கார்குழலி போனபோது, முதலாளி கையேட்டின் இன்னொரு பிரதியைப் பிரித்து வைத்துக்கொண்டு தலையில் கை வைத்திருந்தார். முகம் வெளிறியிருந்தது. ஒரு மனிதர் சாகக் கிடக்கிறார் என்ற வருத்தம் என்றுதான் கார்குழலி நினைத்தார்.

"பார்த்தியா கார்குழலி? எட்டு உள்ள மிச்சம் இருந்திருக்கு. ஒரு எடமா ரெண்டு எடமா! அதான் அடிச்சிடுச்சு."

 எந்த எட்டுகளைத் திருத்தாமல் அனுப்பக் கூடாது என்று கார்குழலி மன்றாடினாரோ, அதே எட்டுகளைக் காட்டி, அவை கெட்ட எண் என்பதற்குச் சாட்சியாக்குகிறார் இவர்! தவறைக் கண்ணெதிரே வைத்தாலும் அதற்குள்ளிருந்து மூடநம்பிக்கைக்கே ஆதாரம் எடுக்கத் தெரிந்த மூளையிடம் எதைச் சொல்லி என்ன?

"சரி, இப்ப நீ ஒண்ணு பண்ணு" என்றார் அவர். "உனக்குப் பிடிச்ச வேலைதான். எல்லா எட்டையும் ஒன்பதாக்கு. ஒவ்வொரு பக்கமும் சரியான எடத்தைக் காட்டணும். புது பைண்டிங். ஆனா உள்ள பழைய தேதியே இருக்கட்டும். விசாரணையில அதைத்தான் யார்டுல காட்டப் போறாங்க. அவங்களும் ஒத்துக்கிட்டாங்க."

"பழைய தேதி ஏன் சார்?"

"புக்கு சரியாத்தான் இருந்துதுன்னு தெரியணும் இல்ல?"

"அப்ப அந்த ஆப்பரேட்டர்?"

அவர் பிரதியை மூடி வைத்தார்.  புத்தகம் சரியாக இருந்தால் மனிதர்தான் தவறு. ஐந்து மாதமாகக் கார்குழலி எதைச் செய்ய ஏங்கினாரோ, அந்தத் திருத்தத்தைச் செய்யச் சொல்கிறார்கள். இனி ஒவ்வொரு வரியைச் சரியாக்கும்போதும் அந்த ஆப்பரேட்டரின் கழுத்தில் ஒரு சுற்று கயிறு ஏறும்.

யோசிக்க ஒரு நாள் வேண்டும் என்று சொல்லிவிட்டு இறங்கி வந்து, எண்ணூர் பஸ் ஏறினார்.

அந்த ஆப்பரேட்டரின் பெயர் குமாரவேல். முகத்துவாரக்குப்பத்தில் வீடு. ஆற்று வாயில் அனல் மின் நிலையத்துச் சாம்பல் தண்ணீர் கலந்து இறால் குறையத் தொடங்கிய காலத்தில், கட்டுமரத்தை அண்ணனிடம் விட்டுவிட்டு ஐ.டி.ஐ. படித்து யார்டில் சேர்ந்தவர். ஆஸ்பத்திரியிலிருந்து அன்றைக்குத்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். வாசலில் மனைவி கன்னியம்மா வலைக்கு நடுவே நின்றுகொண்டு மறித்தார்.

"கம்பெனியா? கையெழுத்துக்கு வந்தியா? ஒருத்தன் வந்தான், அவன் பேனாவப் புடுங்கி ஆத்துல போட்டேன். நீயும் பேனா எட்த்துகினு வந்தியா, இல்ல சும்மா வந்தியா?"

"அந்த புக்க எழுதனது நான்தாங்க்கா" என்றார் கார்குழலி.

கன்னியம்மா மேலும் கீழும் பார்த்தார். "நீயா? ஒன் வயசுக்கு எங்கூட்டு ஆள கொல்ல பாத்தியா?"

"உள்ள வரச்சொல்லு கன்னிம்மா" என்று உள்ளிருந்து ஒரு குரல் வந்தது. சட்டியைச் சுரண்டுகிற மாதிரி இருந்தது அது.

குமாரவேல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் பழுத்திருந்தன. நாலு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினார். ஆனாலும் நடந்ததை வரிசையாகச் சொன்னார்.

"மத்தியானம் சாப்ட்டு வந்து ஒக்காந்தேன். கப்பல்லேர்ந்து அம்மோனியா ஏறிகினு கீது. அலாரம் அடிச்சிச்சு. பைப்பு ஜாயிண்ட்ல லீக்கு. புக்குல போட்டா மாதிரி பம்ப நிறுத்திட்டேன். பின்னால வர்றத அடைக்கணும்னு தெளிவா எழுதிகீது. எட்டாவது பகுதிய பாருன்னு எழுதிகீது. கம்ப்யூட்டர்ல வால்வ அடைக்கற பேர அடிச்சுப் பாத்தேன், நம்பரக் குடுன்னு கேட்டுச்சு. எட்டத் தேடறேன், தேடறேன். ஏழு கீது. ஒம்போது கீது. எட்டு இல்ல."

"ஒம்பதைப் பொரட்டிப் பாக்கலியாண்ணா?"

"இதரவைன்னு போட்டுகீது. எட்டுன்னு சொன்னா எட்டத்தான தேடுவேன், தங்கச்சி? அப்பத்தான் தோணிச்சு. எட்டாவது புக்க ஆபீசருங்க வெச்சிகினு இருப்பாங்க. நமக்குக் குடுக்கல போலன்னு."

கார்குழலி நிமிர்ந்து பார்த்தார்.

"ஆமா. எங்களுக்குப் பாதிதான எப்பவும் குடுப்பாங்க? முகமூடி ஸ்டோர்ல பூட்டிக் கீது, சாவி ஆபீசர் கிட்ட. ட்ரெயினிங் ஏசி ரூம்ல, எங்கள கூப்டல. அதனால எட்டாவது புக்கும் அங்கதான் இருக்கும்னு ஆபீசுக்கு ஓடனேன். 'எட்டாவது புக்கக் குடு சார்'னு கத்தறேன், ஆரும் இல்ல, எல்லாம் கேட்டாண்ட ஓடிட்டாங்க. சரின்னு துண்ட நனச்சி மூஞ்சில கட்டிகினு நேரா பைப்பாண்ட போயி, கையாலயே வீலத் திருப்பி அடைச்சிட்டேன். அவ்ளோதான் தெரியும். அப்பறம் ஆஸ்பத்திரி."

"சீட்ட வுட்டு ஓடனானாம். எழுதிகீறாங்க" என்றார் கன்னியம்மா. "கேஸ வுட்டு ஓடனவங்கள்லாம் ஆபீசரு. கேசுக்குள்ள ஓடனவரு ஓடுகாலி. இன்னா நாயம்டி இது?"

இந்த மனிதரிடம் இருந்த புத்தகத்திலேயே எட்டு இருந்தது என்பதை இப்போது சொல்ல வேண்டும். சொல்லாமல் திரும்பிப் போக முடியும். கார்குழலி சொன்னார். ஜோசியர், சனி, ஆடி, இதரவை என்று எதையும் விடாமல் சொன்னார்.

சொல்லி முடித்தபோது கன்னியம்மாவின் கையிலிருந்த வலை கீழே கிடந்தது.  

"எங்கிட்டயே இருந்துச்சா?" என்றார் குமாரவேல். "எங்கைலயே?"

"ஆமாண்ணா."

"நம்பர் நல்லால்லன்னு மாத்தனாங்களா? படிச்சவங்களா?"

கடலுக்குப் போகிற குடும்பம். நல்ல நாள், கெட்ட நாள் அவர்களுக்கும் உண்டு. ஆனால் கரை எங்கே என்று காட்டும் விளக்கை, இடம் ராசியில்லை என்று யாரும் நகர்த்தி வைத்துப் பார்த்ததில்லை. கன்னியம்மா சிரிக்கத் தொடங்கினார். அது சிரிப்பு இல்லை என்று தெரிந்து கார்குழலி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் தங்கப்பாண்டியிடம், அந்த வேலையைச் செய்ய மாட்டேன் என்று சொன்னார். விசாரணைக்கு வந்து உள்ளதைச் சொல்வேன் என்றும் சேர்த்துச் சொன்னார். முதலாளி குரல் அப்போதும் உயரவில்லை. "உன் பேர்ல எழுதின புக்கும்மா. தப்புன்னு சொன்னா அது உன் தப்புதான். வேற எடத்துல வேலை கிடைக்காது" என்றார். கார்குழலி பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். கசங்கிய அந்தப் புத்தகத்தை முதலாளி முன்பே வாங்கிப் பூட்டியிருந்தார். வீட்டில் குணசேகரன் கேட்டுவிட்டு, அடுத்த வருடக் காலண்டரில் கோடு போட்டுக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார். "நானும் வரட்டா?" என்று மட்டும் கேட்டார்.

விசாரணைக்கு முதல் நாள் ஜெரினா டோல்கேட் டீக்கடைக்கு வரச்சொன்னார். டீயைத் தொடவே இல்லை. 

"நீ போனப்பறம் சாரே ஒக்காந்து பண்ணாருடி. ஒவ்வொண்ணா பாக்கல. எட்டத் தேடு, ஒம்பதப் போடுன்னு கம்ப்யூட்டருக்கு ஒரே அடியா சொல்லிட்டாரு. என்னை அப்டியே பிரிண்டுக்கு அனுப்பச் சொன்னாரு. நான் பக்கத்தப் பாக்கறேன்… குழாய்ல அழுத்தம் எட்டத் தாண்டக் கூடாதுன்னு நீ எழுதியிருந்தியே…"

கார்குழலியின் டம்ளர் பலகையில் மோதியது. "ஒம்பதா?"

"ஒம்பது."

வழிகாட்டும் எட்டுக்கும் அளவு சொல்லும் எட்டுக்கும் வித்தியாசம் பார்க்காமல் அழித்திருந்தார்கள். எட்டைத் தாண்டினால் பிளக்கும் குழாயை ஒன்பது வரை ஓட்டலாம் என்று, பழைய தேதியோடு, புது அட்டையில் சொன்னது புத்தகம். முதல் புத்தகம் ஒரு மனிதரின் நுரையீரலைத் தின்றது. இது ஒரு குப்பத்தையே தின்னும். வெறும் முட்டாள்தனமாக இருந்திருந்தால் ஒரு தடவையோடு நின்றிருக்கும். பயந்துபோன முட்டாள்தனம் தன்னை மறைக்க இன்னும் பெரிதாக ஒன்றைச் செய்கிறது.

"சொன்னேன்டி. 'மிஷின் பண்ணது தப்பாகாது'ன்னாரு."

விசாரணை யார்டின் கூட்ட அறையில் நடந்தது. அரசாங்கத்திலிருந்து வந்த அதிகாரி நடுவில். ஒரு பக்கம் தங்கப்பாண்டியும் யார்டின் மேலாளரும். இன்னொரு பக்கம் குமாரவேலும் அவரைத் தாங்கிப் பிடித்தபடி கன்னியம்மாவும். கார்குழலி சாட்சியாக வந்திருந்தார். புதுப் புத்தகம் மேசையில் பளபளத்தது.

"புத்தகத்தில் எல்லாம் சரியாக இருக்கிறதே" என்றார் அதிகாரி, பக்கத்தைப் புரட்டியபடி. "பம்பை நிறுத்தியதும் ஒன்பதாம் பகுதியைப் பார்க்கவும் என்று தெளிவாக இருக்கிறது. ஒன்பதாம் பகுதியும் இருக்கிறது. இவர் ஏன் எழுந்து ஓடினார்?"

"எட்டுன்னு இருந்துச்சு சார்" என்றார் குமாரவேல்.

"எங்கே?"

குமாரவேலால் காட்ட முடியவில்லை. மேசையில் இருந்தது அவர் புரட்டிய புத்தகம் இல்லை.

கார்குழலி எழுந்தார். "சார், இது அப்ப குடுத்த புக்கு இல்ல. அதப் பத்தி அப்புறம் சொல்றேன். இப்ப குழாய் அழுத்தத்துக்கு உள்ள பக்கத்தைத் தொறந்து மேனேஜர் சார் கிட்ட காட்டுங்க. இன்னிக்கும் அங்க கப்பல் நிக்குது. ஆப்பரேட்டர் இதப் பாத்துதான் ஓட்டுவாரு."

அதிகாரி திறந்து நீட்டினார். மேலாளர் சலிப்போடு வாங்கிப் படித்தார். பிறகு நாற்காலி பின்னால் சாயும்படி எழுந்தார்.

"ஒன்பதா? யாருய்யா ஒன்பதுன்னு போட்டது? ஒன்பது வெச்சா லைன் வெடிச்சிடும்யா! பழைய புக்குல எட்டுன்னு கரெக்டா இருந்துதே!"

 மேலாளர் தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டு, மெல்ல உட்கார்ந்தார்.

"பழைய புத்தகமா?" என்றார் அதிகாரி. "அப்படியென்றால் இது என்ன?"

அதன் பிறகு எல்லாம் சரிந்தது. தங்கப்பாண்டி எண்கணிதத்தைப் பற்றி விளக்கத் தொடங்கினார். உண்மையாகவே விளக்கினார், அதில் வெட்கப்பட ஏதும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. மேலாளர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இடையில் புகுந்தார்.

"எங்க பேர்ல தப்பு இல்ல சார். ட்ரெயினிங்லயே சொல்லிட்டாங்க. எட்டுன்னு வர்ற எடத்துல ஒன்பதுன்னு படிச்சுக்கங்கன்னு. எங்க ஆபீசர்ஸ் எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் சிரிச்சோம்கூட."

"குமாரவேல் அந்தப் பயிற்சியில் இருந்தாரா?"

"அது… ஆபீசர்களுக்கு மட்டும்தான் சார்."

அதிகாரி அதை எழுதிக்கொண்டார்.  வாயால் சொல்லிவிடலாம் என்று தங்கப்பாண்டி அன்றைக்குச் சொன்னபோது, யார் வாயால், யார் காதுக்கு என்று தானும் கேட்கவில்லையே என்பது அப்போதுதான் கார்குழலிக்கு உறைத்தது.

இடத்தை விட்டு ஓடினார் என்ற குற்றச்சாட்டு அன்றே தள்ளுபடியானது. சிகிச்சையும் வேலையும் யார்டின் பொறுப்பு என்று எழுதப்பட்டது. புதுப் புத்தகம் அங்கேயே முத்திரையிட்டுப் பறிமுதல் செய்யப்பட்டது. குமாரவேலின் மூச்சைத் திருப்பிக் கொடுக்க எந்த உத்தரவாலும் முடியவில்லை. கார்குழலிக்கு ஒரு வருடம் போல வேலை கிடைக்கவில்லை, பிறகு கிடைத்தது. இன்றும் அவர் கையேடுதான் எழுதுகிறார். எழுதி முடித்ததும் ஆப்பரேட்டர் ஒருவர் கையில் கொடுத்து, வழி காட்டும் ஒவ்வொரு வரியையும் தேடிப் பார்க்கச் சொல்லாமல் அச்சுக்கு விடுவதில்லை என்று ஜெரினா சொல்கிறார். தங்கப்பாண்டியின் கம்பெனி பலகையில் அந்த உபரி எழுத்து மாறி வேறொன்று வந்திருக்கிறது.

அன்று விசாரணை முடிந்து வெளியே வந்தபோது குமாரவேல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். கன்னியம்மா தண்ணீர் கொடுத்தார். அவர் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, ஆபீசர்களுக்குப் பயிற்சி நடந்த ஏசி அறையின் பூட்டிய கதவையே பார்த்தார்.

"தங்கச்சி" என்றார். "அன்னிக்கி, எட்டாவது எங்கைலயே இருந்துச்சுன்னு சொன்னியே?"

"ஆமாண்ணா."

"நான் தப்பா நெனக்கல பாரு. எட்டாவது அவங்க கிட்டதான் இருந்துச்சு."